மாளிகைமேட்டுச் செங்கல்

ஜெயங்கொண்டத்தில் ஏறிய பஸ் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் பாதி காலியானது. நானும் அங்கேதான் இறங்கினேன். விமானத்தை நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்திரிக் கொல்லைகளை ஒட்டித் தென்மேற்கே நடந்தேன். இரண்டு கிலோமீட்டருக்குள் மாளிகைமேடு. ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். 1980களில் தோண்டிய மேட்டைத் தமிழகத் தொல்லியல் துறை 2021இல் மறுபடி தோண்டத் தொடங்கியது. அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில்தான் நான் போனேன்.

குழிக்குள் நாலைந்து பெண்கள். நடவு, களையெடுப்பு என்று மண்ணிலேயே கிடந்த கைகள். இங்கே மண்வெட்டிக்கு அதிக வேலையில்லை. கரணையால் விரற்கடை அளவு சுரண்டுகிறார்கள், சட்டியில் அள்ளுகிறார்கள், சல்லடையில் சலிக்கிறார்கள். கூரை ஓட்டுத் துண்டு, துருவேறிய ஆணி, பானை ஓடு எல்லாம் தனித்தனியாகப் பைக்குள் போகின்றன.

அவர்களில் மூத்தவர் ஒரு மூலையைக் காட்டினார். எனக்கு வெறும் மண்தான் தெரிந்தது.

“தொட்டுப் பாரு தம்பி. இந்தப் பக்கம் கெட்டி. இது பொதபொதன்னு இருக்கா? இங்க செவரு இருந்திருக்கு. செங்கல்ல எவனோ பேத்துக்கிட்டுப் போயிட்டான். அந்தப் பள்ளத்துல பின்னாடி வுழுந்த மண்ணு இது.”

இல்லாத சுவரை விரலால் தடவிச் சொல்கிறார்! படித்து வாங்கிய பட்டத்தில் இது வருமா என்று தெரியவில்லை.

“எவனோ என்ன எவனோ, எங்க தாத்தாதான்” என்றார் பக்கத்தில் இருந்தவர். குழியே சிரித்தது.

செங்கல் திருடியதாக ஊரைப் பழிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனது கும்பினி அரசாங்கம். அதன் பக்கத்தில் ஒரு குடிசைச் சுவர் எம்மாத்திரம்?

ஊர் எதையும் மறக்கவுமில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று கல்வெட்டு இல்லாமலே பழைய தலைநகரைப் பெயரில் வைத்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் கங்கைகொண்ட சோழபுரம் மேம்பாட்டுக் குழுமம் 2014இல் ராஜேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. ஆடித் திருவாதிரை, அவன் பிறந்த நாள், இப்போது ஊருக்கே திருவிழா. ஆனாலும் எனக்கு மேடையைவிட இந்தக் குழிதான் பிடித்திருந்தது.

சாயங்காலம் குழிமேல் தார்ப்பாய் போட்டார்கள். மூத்தவர் வீட்டில் டீ குடித்தேன். கொல்லைப்புறத்தில் இந்தக் காலத்துக் கல்லைவிட அகலமான ஒரு செங்கல் மண்ணில் பதிந்து கிடந்தது.

“ஆத்தா, இது அங்கேருந்து வந்ததா?”

“ஆமா. ஆபீசருங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் இருக்கேன்” என்றவர் நிறைகுடத்தை இறக்கி அதன்மேல் வைத்தார். “குடம் ஆடாம நிக்க வேற கல்லு ஒண்ணு கெடைக்கட்டும்.”