ரிஷபம் நிற்கும் இடம்

திங்கள்
சுருதிப்பெட்டியைப் பாட்டு டீச்சர் ஐந்து கட்டையில் வைத்தார். மேல் ஷட்ஜத்தை எட்டும்போது கழுத்து நரம்பு புடைத்தது. "நாலரைக்கு இறக்கிடலாங்க்கா. கட்டை ஏத்திப் பாடுறதுல ஒண்ணும் பெருமை இல்ல" என்றார். இறக்கியதும் தாடை தளர்ந்தது, வாய் திறந்தது.

புதன்
மாயாமாளவகௌளை, 15-ஆவது மேளம். புதிதாகக் கற்பவர்களுக்கு இதை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. ஏன் இந்த ராகம் என்று பாடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஸவும் ரியும் ஒட்டி நிற்கின்றன. ரியிலிருந்து கவுக்குப் பெரிய தாவல். கவும் மவும் மறுபடி நெருக்கம். பவிலிருந்து மேல் ஸ வரை அப்படியே அதே அமைப்பு. கீழே பழகியது மேலே கைகொடுக்கிறது.

ஆனாலும் அந்த ரி! சுத்த ரிஷபம் வேண்டிய இடத்தில் குரல் சதுஸ்ருதி ரிஷபத்தை நோக்கி ஏறிவிடுகிறது. இத்தனை வருடம் கேட்ட சினிமாப் பாட்டுகளில் பலவும் காதில் பதித்த ரி அதுதான். "ஸவை விட்டுட்டு ஓடாதீங்கக்கா, அதுமேல சாஞ்சுக்கிட்டே ரி சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வெள்ளி
இன்று பாடியதைப் போனில் பதிந்து கேட்டேன். குரல் மெலிந்து ஒலித்தது. பாடும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவியை எட்டுவதால் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பிறர் கேட்பது போனில் உள்ள குரலைத்தான். அதைவிட முக்கியமானது பஞ்சமம். ஒவ்வொரு முறையும் அது சற்றுத் தாழ்ந்தே நின்றிருக்கிறது. பாடிய நேரத்தில் அது என் காதில் விழவேயில்லை, என் சத்தமே சுருதிப்பெட்டியின் ஒலியை மூடிவிட்டிருக்கிறது.

குரலைப் பாதியாகக் குறைத்தேன். இப்போது இரண்டும் கேட்டன. சுருதி விலகி நிற்கையில் ஒலியில் ஒரு துடிப்பு. நெருங்க நெருங்க அது மெதுவாகி, சேர்ந்ததும் அடங்கியது. அந்த நொடியில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொண்டையைப் பழக்க வந்தேன், பழக வேண்டியது காது என்று இப்போது நம்புகிறேன்.

ஞாயிறு
சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடச் சொன்னார் டீச்சர். கையில் தாளம்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கை அதே நடையில் போக, ஸ்வரம் மட்டும் இரட்டிக்க வேண்டும். இரண்டாம் காலத்திலேயே கையும் ஓடத் தொடங்குகிறது, மூச்சு நடுவழியில் தீர்கிறது. இதையெல்லாம் தாண்டி நேரே பாட்டுக்குப் போகலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனமில்லை. காலையில் எழுந்ததும் முதல் காலத்தில் அகாரம் மட்டும், ரிஷபம் நிலைக்கும்வரை.