அரை வாட்

எலெக்ட்ரிக் கிதாரை இசைக்கருவி என்று சொல்வது பாதி உண்மைதான். மின்சாரமின்றி மீட்டினால் மெலிந்த ஒரு கம்பிச் சத்தம் வரும், அவ்வளவே. கருவியின் மறுபாதி தரையில் ஒரு பெட்டியாக அமர்ந்திருக்கிறது. வீணைக்குக் குடம் எப்படியோ, கிதாருக்கு ஆம்ப்ளிஃபயர் அப்படி.

டிரான்சிஸ்டர் பரவி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கிதார் கலைஞர்கள் பலர் வால்வை விடவில்லை. பழமைப் பற்று மட்டும் அதற்குக் காரணமல்ல. திறனின் எல்லையைத் தொடும்போது வால்வு ஆம்ப் ஒலியலையின் முகட்டைச் சட்டென்று வெட்டுவதில்லை, படிப்படியாக மழுக்குகிறது. அம்மழுங்கலில் மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. பொறியாளர்கள் பிழையென்று ஒதுக்கிய சிதைவைக் கலைஞர்கள் குரலாக்கிக்கொண்டார்கள். 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு லண்டனின் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்ற எரிக் கிளாப்டன், மார்ஷல் ஆம்ப்பை மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். ராக் கிதாரின் தொனியில் அந்த இசைத்தட்டு ஒரு திருப்பம்.

வீட்டில் வாசிப்பவனின் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சத்தத்தில் பிறந்த தொனியைச் சத்தமின்றிப் பெறுவது எப்படி?

எனக்கு வால்வு அறிமுகமானது கிதாரின் வழியாக அல்ல. கும்பகோணத்தில் தாத்தா வீட்டு ரேடியோவைத் திருகினால் சற்றுநேரம் மௌனம். பின்புறத் துளைகளில் செம்மஞ்சள் ஒளி கனிந்த பிறகே குரல் வரும். ஐம்பதுகளில் ஃபிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஈஎல்84 என்ற வால்வு அத்தகைய ரேடியோக்கள் பலவற்றில் இருந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அதைத் தயாரித்தது. அதே வால்வு நான்கைச் சேர்த்துக் கட்டியதுதான் பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30 என்று பின்னாளில் அறிந்தபோது, ஏதோ தூரத்து உறவைக் கண்டுகொண்டது போலிருந்தது.

நியூஜெர்ஸியில் நான் வசிக்கும் அடுக்ககத்தில் சுவர்கள் மெல்லியவை. தரை மரத்தாலானது. இந்த ஊர்க்காரரான கென் ஃபிஷரும் கலிஃபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிளும், ஒருவர் கையால் ஒன்றொன்றாகச் செய்யும் ‘பூட்டிக்’ ஆம்ப்புகளுக்கு முன்னோடிகள். ஃபிஷர் 2006-இலும் டம்பிள் 2022-இலும் மறைந்தார்கள். அவர்கள் கைப்பட்டவை இன்று சேகரிப்பாளர்களின் செல்வம். எப்படியும் அவை மேடைக்கானவை. ஆகவே சிறியவற்றைத் தேடினேன். ஒற்றை 6வி6 வால்வில் ஏறத்தாழ ஐந்து வாட் தரும் ஃபெண்டர் சாம்ப்பின் வழித்தோன்றல்கள் ஏராளம். 1970-இல் ‘லைலா’ இசைத்தொகுப்புக்குக் கிளாப்டன் பயன்படுத்தியது அந்தச் சிறு பெட்டியைத்தான்.

ஐந்து வாட் என்றால் குறைவு என்று தோன்றும். காதின் கணக்கு வேறு. திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் சத்தம் பாதியானதாக நாம் உணர்கிறோம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தரும் சாதாரணக் கிதார் ஸ்பீக்கரை ஐந்து வாட்டில் ஓட்டினால் 104 டெசிபெல். தொழிலிடங்களுக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 104-க்கு ஆறு நிமிடம்தான்.

இந்த ஆறு நிமிடம் எனக்கு வெறும் எண்ணல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் செவித்திறன் பரிசோதனையில் என் இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் நேரும் சேதத்தின் அடையாளம் அது என்றார் மருத்துவர். உட்செவியின் மயிரிழைச் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இரவில் அறை அடங்கியதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழும். வாசிக்கும் ஆசையும் கேட்கும் ஆயுளும் ஒரே கணக்கிலிருந்து செலவாகின்றன என்று அப்போதுதான் புரிந்தது.

ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்து, திறனை வெப்பமாக்கி விடும் தணிப்பான்களை முயன்று பார்த்தேன். வால்வு கொதிக்கிறது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்போ அசைய மறுக்கிறது. தவிர, சத்தம் குறையும்போது கீழ்ச்சுரங்களும் உச்சச் சுரங்களும் காதுக்கு முதலில் மங்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் பென்சில்வேனியாவில், தொலைக்காட்சி பழுதுபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். என்ன இசை வாசிப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. “அறை எவ்வளவு பெரியது? சுவருக்கு அந்தப்புறம் யார் தூங்குகிறார்கள்?” என்று கேட்டார். காதைப் பற்றியும் சொன்னேன். சிறிதுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமது காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினார்.

அவர் செய்து தந்தது அரை வாட். பத்து அங்குல ஸ்பீக்கர், அதுவும் வேண்டுமென்றே மந்தமானது: ஒரு வாட்டுக்கு 92 டெசிபெல். முழுத்திறனில் 89. பரிந்துரையின்படி சுமார் மூன்று மணி நேரம். நான் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன்.

கிளாப்டனின் பெருமழை இதில் இல்லை. அதை ஈடுசெய்வதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வயிற்றில் வந்து மோதும் காற்றை எந்தச் சூத்திரமும் அறைக்குள் கொண்டுவராது. ஆனால் மென்மையாகத் தொட்டால் தெளிகிறது, அழுத்தினால் கரகரக்கிறது. விரலுக்கும் ஒலிக்கும் நடுவே இருக்கும் அந்த உரையாடலைத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறேன் போலும். சத்தம் குறைவாக இருப்பதால் விரலின் தயக்கமும் கேட்கிறது. அதைக் கேட்கக் காது இருக்கும்வரை வாசிக்கலாம்.