தலைவலியும் சின்சேயும்



"டீச்சர், சீன வைத்தியத்துல தலைவலி போயிடுச்சாமே?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை.

போகவில்லை, குறைந்திருக்கிறது. மாதத்தில் ஆறேழு நாள் படுக்க வைத்தது இப்போது மூன்று நாலு நாள் வருகிறது.

என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பலகையில் எழுதும்போதே என் கண்ணோரம் நெளிநெளியாய் ஒளி ஓடும். அடுத்த அரைமணியில் வலப்பக்கம் இடிக்கும். அன்றைக்கு உங்களுக்கு மௌன வாசிப்பு. (உங்களுக்குக் கொண்டாட்டம்தான்!)

தோ பாயோவில் ஒரு சின்சேயிடம் போனேன். சிங்கப்பூரில் இதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். "கல்லீரலின் யாங் மேலே ஏறுகிறது" என்றார். அது அறிவியல் பாடத்துக் கல்லீரல் அல்ல. கோபம், கவலை, தூக்கம் கெடுவது எல்லாம் அவர்கள் கணக்கில் அதில் சேரும். நம் பாட்டிமார் "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பிடரியில், நெற்றிப்பொட்டில் ஊசி; கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலும் ஒன்று. வலி தலையில், ஊசி காலில்! எறும்புக்கடி அளவுதான் வலித்தது.

இது வேலை செய்கிறதா? 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பு, 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாதம் ஆறு நாள் வலி உள்ளவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் என்றால் ஐந்து நாளாகும். போலி ஊசியில் நான்கு. உண்மையான ஊசியில் மூன்றரை. போலிக்கும் அசலுக்கும் அரை நாள்தான் வித்தியாசம். யாங் கதையை நான் அப்படியே நம்பாததற்கு அதுவே காரணம். ஆனாலும் எனக்கு அந்த நாள்கள் பெரிது.

மூலிகைப் பொட்டலம் வாங்கினால் அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை.

இதை இப்போதே எழுதுவதற்குக் காரணம் என் தங்கை மகள். ஏழாம் மாதம் அவளுக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் தலைவலி போகும் என்று வீடியோ பார்த்து அழுத்திக்கொண்டிருக்கிறாளாம். கர்ப்பிணிகளுக்கு அந்தப் புள்ளி வேண்டாம் என்று சீன மருத்துவமே சொல்கிறது, கண்ணு. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தலைவலி வந்தால் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போ. போய்விட்டு வந்து பெரியம்மாவுக்குப் போன் பண்ணு.