குளிருக்குக் காசு

டிசம்பர் விடுமுறைக்கு ஹொக்கைடோ போகலாம் என்று தம்பிதான் ஆரம்பித்தான். பனிச்சறுக்கு என்றதும் எல்லாரும் சொல்வது நிசேகோ. மடிக்கணினியைத் திறந்து அங்குள்ள அறை வாடகையைப் பார்த்தோம். மூடிவிட்டோம்.

பிறகுதான் சப்போரோ. ஏறக்குறைய 2 மில்லியன் பேர் வாழும் நகரம். நியூ சித்தோசே விமான நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம். நகரத்தில் தங்கிக்கொண்டு காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்பிவிடலாம். 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் நடந்த தெய்னே மலை, ரயிலும் பேருந்துமாக ஒரு மணி நேரத்துக்குள். கொக்குசாய்க்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஸ்கீ, பூட்ஸ், உடுப்பு எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். டிசம்பர் தொடக்கத்தில் எல்லாச் சரிவுகளிலும் பனி போதாது என்பதால் பயணத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினோம். முட்டிவலிக்கார அம்மாவுக்கு, ரயில் நிலையத்திலிருந்து ஒடோரி வரை வழுக்காமல் நடக்க நிலத்தடிப் பாதை இருந்தது.

அப்பா மட்டும் வரமாட்டேன் என்றார்.

"குளிர காசு குடுத்துப் பாக்கணுமா? எனக்குக் காசு குடுத்துல்ல உள்ள அனுப்புனாங்க."

ஜூரோங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 19 ஆண்டுகள். மைனஸ் 20 டிகிரியில் உறைந்த கோழியையும் இறாலையும் பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கியவர். வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டார். புளோக்குக்குக் கீழே வெயிலில் கொஞ்ச நேரம் நிற்பார். யாருக்கோ காத்திருக்கிறார் என்றே சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

"சப்போரோவுல ஜனவரி சராசரியே மைனஸ் 3தான்ப்பா."

"அது ஒரு குளிரா?"

மறுநாள் நான் எழுதி வைத்திருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். தடித்த பருத்திச் சட்டை என்பதைப் பேனாவால் அடித்தார்.

"காட்டன் வேணாம்மா. வேர்த்தா ஈரம் உள்ளயே நிக்கும். சும்மா நிக்கறப்ப அந்த ஈரந்தான் குத்தும். கைக்கு ரெண்டு உறை, உள்ள மெல்லிசு, வெளிய தடிப்பு. சாக்ஸ் ஒண்ணு போதும். பூட்ஸ் இறுகிச்சுன்னா ரத்தம் ஓடாது, வெரல் மரத்துப்போவும்."

அந்தக் கிடங்கைப் பற்றி அவர் வீட்டில் இத்தனை பேசியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரியையும் அவர் எங்கே கற்றிருப்பார் என்று யோசித்தபடி எழுதிக்கொண்டேன்.

நான்கு டிக்கெட் போட்டாயிற்று. அப்பா சறுக்கமாட்டாராம். எங்களோடு மலைக்கு வருவார். போதும் என்று தோன்றினால் பேருந்தும் ரயிலும் பிடித்து அறைக்குத் திரும்பிவிடுவார். நகரத்தில் தங்குவதில் எனக்குப் பிடித்த வசதி இதுதான். கிடங்கில் குளிர் போதும் என்று அவராக முடிவுசெய்து வெளியே வர முடிந்ததில்லை. அதற்கு மணி அடிக்க வேண்டும்.

நேற்று இரவு கேட்டார்: "அங்க வெயில் எத்தன மணி வரைக்கும்?"

"நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும்ப்பா."

"அப்ப நான் ரெண்டுக்கே கெளம்பிடுறேன்."