'தாங்கோ'ன்னு கேளுங்கோ!

பெண் பார்க்க வெறுங்கையோடு போவதா? 2004-ல் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பக்கத்திலிருந்த கனகமூலம் சந்தையில் நுழைந்தேன். மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி... எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைக்குலை.

"ரெண்டு சீப்பு மட்டி கொடுங்க."

"ஆருக்கு சார் கொடுக்கணும்?"

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆளில்லை. "எனக்குத்தான்!"

"அப்பம் 'தாங்கோ'ன்னு கேளுங்கோ."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை சார், தொல்காப்பியர் போட்ட விதி! 'தா', 'வா' எல்லாம் எனக்கும் உனக்கும். 'கொடு', 'செல்' மூன்றாம் ஆளுக்கு. பேச்சில் சென்னைக்காரன் இதைத் தொலைத்து ரொம்ப நாளாச்சு. மலையாளத்தில் இன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த இந்தப் பக்கத்தில் பழக்கடையிலும் செல்லுபடி.

ஆபீஸ் வேலைக்காக நான் கொஞ்சம் இத்தாலியன் படித்தவன். நெருங்கியவனிடம் 'அதை எனக்குத் தா' என்றால் 'தம்மேலோ'. 'எனக்கு', 'அதை' இரண்டும் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மரியாதைக்காரரிடம் 'மே லோ தீயா'. இரண்டும் முன்னால் வந்து கைகட்டி நிற்கும். பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நம்ம 'தா'வோ அந்த 'எனக்கு'வை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது!

பெண் வீட்டில் வேறு வம்பு. "வாரும்... இரியும்... சாயா குடியும்" என்றார் பெண்ணின் அப்பா என்னிடம். என் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாடகத்துல ராஜா சேவகனைக் கூப்பிடற மாதிரி இருக்கே! எழுந்திருடா, போகலாம்."

தரகர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். "ஐயோ, இங்க 'நீரு' மரியாதைதான் சார். 'நீ'க்கு மேல, 'நீங்க'வுக்குக் கொஞ்சம் கீழ. பிரியமா இருந்தாத்தான் அதுவும் வரும்!"

அப்பா உட்கார்ந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பெரியவர் மூச்சுக்கு மூச்சு, "நல்ல எடமாப் பாத்துக் கொடுக்கணும்... நம்பிக் கொடுக்கணும்" என்கிறார். 'கொடு' என்றால் மூன்றாம் ஆளாச்சே! வேறு எவனையோ மனதில் வைத்திருக்கிறாரா? வயிற்றில் புளி கரைந்தது.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்க உள்ளே போனார். பத்து நிமிஷம். அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். நான் மட்டிப் பழத்தைப் பார்த்தேன்.

வந்தவர் என் தோளில் கை வைத்தார். "உமக்கே தாறோம் வே."

அன்றைக்குத் தொல்காப்பியருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த இலக்கணத்தைப் பெருமையாக வீட்டுக்காரியிடம் விளக்கினேன்.

"தாறதுக்கும் கொடுக்கதுக்கும் நான் என்ன மட்டிப் பழமா?" என்றாள்.