அறுத்த வலைக்கு யார் கணக்கு?

வலையில் கடல்பசு சிக்கினால் இழுக்கக் கூடாது. மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குடியிருப்பில், வேப்பமர நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான். "இழுக்க இழுக்க அது மிரண்டு சுத்தும் தம்பி. சுத்தச் சுத்த வலை இறுகும். கயித்தைத் தளர விட்டுட்டு, மூக்கு தண்ணிக்கு மேல வருதான்னு பாக்கணும். ஒரு மூச்சு விட்டுடுச்சுன்னா பாதி பொழச்ச மாதிரி."

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வரும். கட்டுமாவடி தொடங்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடற்கரையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த கடல் இது. அடியில் கடற்புல் பரப்பு பரப்பாகக் கிடக்கிறது. அதை மேய வருகிறது கடல்பசு. கரையில் பெரியவர்கள் ஆவுளியா என்கிறார்கள். பாலூட்டி என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வளர்ந்த விலங்கு 3 மீட்டர் நீளம், 300, 400 கிலோ எடை இருக்கும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு தாய் வலையில் மாண்டால் அந்த இழப்பு லேசில் ஈடாகாது.

விடுவிப்பது தனி வேலைப்பாடு என்பதை அந்த நிழலில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் அகலக் கண் உள்ள திருக்கை வலையில்தான் சிக்குமாம். படகில் இருவராவது வேண்டும். ஒருவர் மேல்கயிற்றைப் பிடித்து விலங்கின் தலையை நீர்மட்டத்தில் வைத்துக்கொள்கிறார். மற்றவர் குனிந்து, முதலில் முகத்தையும் துடுப்புகளையும் சுற்றிய வலைக் கண்களைக் கத்தியால் அறுக்கிறார். கத்தியின் முனை எப்போதும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுத்தால் தலை நீருக்குள் போய்விடும். படகில் ஏற்றினால் அதன் எடையே அதன் நெஞ்சை அமுக்கும். எல்லாமே தண்ணீரில்தான் நடக்க வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள்.

ஆமைக்கு முறை வேறு. பங்குனி ஆமையோ பேராமையோ அசைவில்லாமல் வலையில் வந்தால், செத்துவிட்டது என்று திரும்பக் கடலில் போட்டுவிடக் கூடாது. நுரையீரலில் தண்ணீர் ஏறி மயங்கிக் கிடக்கலாம். மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மேலே ஈரச்சாக்கு போட வேண்டும். தெளிவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். "அதுவரைக்கும் அதுவும் நம்ம கூடத் தொழிலுக்கு வந்த ஆளுதான்" என்று சிரித்தார் பக்கத்திலிருந்த இளைஞர்.

இதே மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் ஒரு மயில் அடிபட்டுக் கிடந்தால், வனத்துறைக்குச் சொல்லலாம், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். கடலில் அந்த அவகாசம் இல்லை. கரையிலிருந்து ஆள் வந்து சேருவதற்குள் மூச்சு நின்றுவிடும். இங்கே முதலுதவிக்காரரும் மருத்துவரும் அந்த நாட்டுப்படகில் இருக்கிற இரண்டு பேர்தான்.

முன்பு கதை வேறு. பிடிபட்ட ஆவுளியாவை வெட்டிக் கூறுபோட்டு விற்றதைப் பெரியவர் தம் இளமையில் பார்த்திருக்கிறார், மறைக்காமல் சொன்னார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல்பசு முதல் அட்டவணையில் இருக்கிறது; கொன்றால் சிறை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் யாரும் நடுக்கடலில் குனிந்து வலையை அறுப்பதில்லை. பயம் மட்டும் இருந்தால், செத்ததைச் சத்தமில்லாமல் கடலிலேயே தள்ளிவிட்டு வருவதுதான் சுலபம்.

வலையின் விலையைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் பேசவில்லை. மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மருமகள்தான் பேசினார். வலை வாங்கியது அவர் பெயரில் எடுத்த குழுக் கடனில். "உசுரு போறதைப் பாத்துக்கிட்டு எங்க ஆளுங்க நிக்க மாட்டாங்க சார். ஆனா அறுத்த வலையோட கடலுக்குப் போக முடியாதுல்ல? தொழில் இல்லாட்டியும் வாரத் தவணைக்கு ஆள் வந்து நிப்பாங்க."

உதவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. உயிரோடு விடுவிக்கும் மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசு தருகிறது. இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கொடுத்துத் தன்னார்வலர்களைச் சேர்த்தது. வடக்கே தஞ்சாவூர்க் கரையில் ஓம்கார் என்ற தொண்டு நிறுவனம் கடற்புல்லையும் கடல்பசுவையும் பற்றி ஊர் ஊராகப் பேசிவருகிறது. இந்தப் பாராட்டுகளுக்கு மரியாதை உண்டு. விடுவித்தபோது எடுத்த படத்தை அந்த இளைஞர் கைப்பேசியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். ஆனால் பரிசு என்பது நல்ல மனதுக்கு. வலைக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

குஜராத் கரையில் அந்தக் கணக்கைப் போட்டார்கள். திமிங்கலச் சுறாவைக் கொன்றுவந்த மீனவர்களிடையே 2004இல் தொடங்கிய இயக்கம், விடுவிப்பதற்காக வெட்டிய வலைக்கு இழப்பீடு கிடைக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. சுறாவை விடுவித்ததற்கு மீனவர்களே எடுத்த படம்தான் சான்று. அதன் பிறகு அங்கே பல நூறு சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

காட்டுயிர் மீட்பு என்றால் கூண்டு, ஊர்தி, மருத்துவமனை என்று நினைத்து நன்கொடை தருகிறோம். அவையும் தேவைதான். புதுக்கோட்டைக் கரையில் மட்டும் நன்கொடை போய்ச் சேர வேண்டிய இடம் வலைக் கடை. கரையோர ஊர்களுக்கென்று ஒரு வலை நிதி, அறுத்த ஒரே வாரத்தில் புது வலை, அடுத்த தவணை வருவதற்குள் படகு மறுபடி கடலில்: தொண்டு நிறுவனமும் ஊர்ச் சங்கமும் சேர்ந்தால் முடிகிற காரியம்தான். அத்தாட்சிக்கு அலைய வேண்டாம். அந்த இளைஞரின் கைப்பேசியில் உள்ள படமே ரசீது.