போடியில் ஏலக்காய் ஏலம்: திரையில் ஒரு விலை, கையில் ஒரு விலை

தேனியிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் போனால் போடிநாயக்கனூர். ஊருக்குள் நுழைந்ததும் சில தெருக்களில் கடைப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். கிடங்குகளின் வாசலில் சாக்கு மூட்டைகள், உள்ளே வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்கள், சல்லடை ஆடும் சத்தம். வெடித்த காய் ஒரு பக்கம், நிறம் மங்கியது ஒரு பக்கம், பேன் தாக்கிச் சொறி விழுந்தது ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் போடியின் சமவெளியில் ஏலச்செடி வளர்வதில்லை. அது வளர்வது மேலே, கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், மர நிழலும் ஈரமும் உள்ள இடுக்கி மாவட்ட மலைகளில். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் அந்தத் தோட்டங்கள் தொடங்கிவிடும். தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மேலே போகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். காயும் அதே வழியில்தான் இறங்குகிறது. மலையில் மழையும் பனியும் அதிகம். ஈரம் பட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும். அடிவாரத்தில் வறண்ட காற்று, கிடங்கு, ஆள் வசதி, நாலாபுறமும் சாலை. விளையாத ஊர் விற்கும் ஊரானது இப்படித்தான்.

முன்பெல்லாம் ஏலம் என்றால் கூச்சல். ஏலம் விடுபவர் விலையைச் சொல்ல, சுற்றி நிற்கும் வியாபாரிகள் கையைத் தூக்கியும் குரல் கொடுத்தும் கேட்பார்கள். யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். மலை மேலே இருந்த விவசாயிக்கு, விற்ற பிறகு யாராவது சொல்வதுதான் விலை. நறுமணப் பொருள்கள் வாரியம் 2010-க்கு முன்பே போடியிலும், மலை மேல் வண்டன்மேடு பகுதியிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் நறுமணப் பொருள் பூங்கா வந்த பிறகு அந்தப் பக்க ஏலம் அங்கே நடக்கிறது.

இப்போது ஏல அரங்கில் சத்தம் குறைவு. ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கணினி. ஒரு லாட்டின் எண்ணும் எடையும் பெரிய திரையில் வரும். அதன் சாம்பிள் சிறு பொட்டலமாக மேசைக்கு வரும். வியாபாரி காயைக் கொட்டிப் பார்க்கிறார், ஒன்றை உரித்து அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார், பிறகு பொத்தானை அழுத்துகிறார். விலை திரையில் ஏறுகிறது. அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் லாட் முடிந்தது. சில நொடிகளில் அடுத்தது.

2020-ல் கொரோனா ஊரடங்கில் ஏலம் நின்றுபோனது. மாநில எல்லை மூடியதால், ஓர் அரங்கில் எல்லோரும் கூடினால்தான் வியாபாரம் என்ற ஏற்பாட்டின் பலவீனம் அப்போது தெரிந்தது. 2021 தொடக்கத்தில், போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கும் இணையவழி முறை வந்தது. இரண்டு அரங்கு வியாபாரிகளும் ஒரே லாட்டுக்குப் போட்டி போடுவது விவசாயிக்கு நல்லதுதான்.

அப்படியிருந்தும் ஏலத்தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை: “செல்போனில் பார்க்கிற விலை எனக்கு ஏன் கிடைப்பதில்லை?”

பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது அதிகபட்ச விலையை. வாரியம் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஆறு விவரங்களை வெளியிடுகிறது: தேதி, ஏல நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, விலை. விலையில் அதிகபட்சம், சராசரி என்று இரண்டு உண்டு. அதிகபட்சம் என்பது அன்று வந்த லாட்டுகளில் ஒன்றே ஒன்றுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமனும் கரும்பச்சை நிறமும் உள்ள பொறுக்கிய காய் அது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் என்று செய்தி வந்தது. அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே. அந்தச் செய்தியை நம்பி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டவர்கள் காய் பறிக்க வந்தபோது, 2021-ல், சராசரி 1,000 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது.

பார்க்க வேண்டியது சராசரியை. கூடவே வந்த அளவையும் விற்ற அளவையும் ஒப்பிட வேண்டும். வந்ததில் கணிசமான பங்கு விற்காமல் திரும்பியிருந்தால், கேட்கிற விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் பலர் லாட்டைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாள் கணக்கை நம்பாமல் பத்துப் பன்னிரண்டு ஏலங்களை நோட்டில் எழுதி வந்தால் சந்தையின் போக்கு தெரியும்.

இரண்டாவது காரணம் ஸ்டோரில் இருக்கிறது. சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ. வெப்பம் 45 முதல் 55 டிகிரிக்குள் சீராக நின்றால் பச்சை நிறம் தங்கும். விறகை அள்ளிப் போட்டு அவசரப்படுத்தினால் காய் வெடிக்கும், நிறம் வெளுக்கும். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி பச்சைக்காயாகவே உள்ளூர் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் காய் ஏலத்துக்குப் போகிறது, அவர் போவதில்லை.

மூன்றாவது, முன்பணம். உரத்துக்கும் கூலிக்கும் வாங்கிய பணம் காயை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறது. கணினி வந்ததால் இந்தக் கட்டு அவிழவில்லை. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் வரத்து கூடுதலாகத் தெரிந்து விலை இறங்குகிறது என்பதும் விவசாயிகளின் நெடுநாள் புகார். லாட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற பதிவு கடைசிவரை கூடவே வந்தால்தான் இதற்கு முடிவு கிடைக்கும்.

அந்தப் பதிவு இன்னொன்றுக்கும் தேவை. பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கடி மருந்து தெளிக்கும் பயிர் ஏலம். நம் ஏலக்காயின் பழைய சந்தையான சவூதி அரேபியாவில், பூச்சிமருந்து எச்சத்தால் சரக்கு திரும்பிய அனுபவம் ஏற்றுமதியாளர்களுக்கு உண்டு. பொட்டலத்தைக் கொட்டிப் பார்க்கும் கண்ணுக்கு எச்சம் தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் தெரியும். பத்துத் தோட்டத்துக் காய் ஒரே மூட்டையில் கலந்தபின், தெளிக்காதவருக்கும் தெளித்தவருக்கும் ஒரே விலைதான். இன்று உலகில் அதிகம் ஏலக்காய் விளைவிக்கும் நாடு குவாத்தமாலா. சந்தையைவிட்டு நாம் விலகி நின்றால் அந்த இடம் காலியாக இருக்காது.

சிறு விவசாயிகள் செய்யக்கூடியவை சில உண்டு. தோட்டப் பதிவுச் சான்றைத் தங்கள் பெயரில் வைத்திருக்க வேண்டும். ஏலத்துக்கு நேரடியாகப் போக அதுதான் வழி. 10 கிலோ, 20 கிலோ வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் சேர்ந்து, ஒரே தரத்தை ஒரே லாட்டாகப் போடலாம். சாம்பிளுக்குப் போகும் காயும் வண்டி வாடகையும் பகிர்ந்துபோகும். தரம் பிரிக்காமல் மொத்தமாகப் போட்டால் மட்டக்காயின் விலையே முழு லாட்டுக்கும் வரும். மருந்து தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, காய் எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி வைக்க ஒரு பள்ளி நோட்டு போதும். லாட் எண், எடை, விலை, பிடித்தம் நான்கும் உள்ள பில்லைக் கேட்டு வாங்க வேண்டும்.

காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கி, 30 முதல் 45 நாளுக்கு ஒரு சுற்று என்று தை வரை போகும். நோட்டை முதல் சுற்றிலேயே தொடங்கிவிட்டால், கடைசிச் சுற்றுக் காயை எப்போது விற்பது என்று முடிவெடுக்கும்போது, அந்தப் பருவத்தின் விலைக் கணக்கு முழுவதும் விவசாயியின் கையிலேயே இருக்கும்.